ஊதாப் பொடியும் பதினேழாம் நம்பரும்

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த என் அக்கா மகளுக்கு, உன் மாமா எழுதுவது.

நானும் உன் அத்தையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எட்டு வாரமாக எங்கள் சுகத்தை ஊசி குத்தி எடுத்து, சீசாவில் ஊற்றி, நம்பர் ஒட்டிக் குளிர்பெட்டியில் வைத்திருப்பவளே நீதான். ஆகையால் அதை உன் கோப்பில் பார்த்துக்கொள். கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நான்கு கேள்வி கேட்பாய். நான் சொல்லப்போவதோ ஒரு குற்றம். குற்றத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்ல என்னால் ஆகாது. முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு மொத்தமாகத் திட்டிக்கொள்.

நீ முதன்முதலில் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, "நாப்பது வருஷம் ஊரார் லிப்ட்டையெல்லாம் ரிப்பேர் பண்ணிட்டு, லிப்ட் இல்லாத வீட்ல குடியிருக்கிற ஒரே ஆளு நீங்கதான் மாமா" என்று வழக்கமான பல்லவியைப் பாடிக்கொண்டே உள்ளே நுழைந்தாய். நான் அப்போது வெண்ணெய் தடவிய ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் அத்தையைக் கேட்டால் ரொட்டி தடவிய வெண்ணெய் என்பாள். பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கும் இரண்டு முட்டையும் இருந்தன. தட்டைப் பிடுங்கத்தான் வருகிறாய் என்று நினைத்து இடது கையால் அணை கட்டினேன். நீயோ தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தினமும் இப்படித்தானா மாமா?" என்றாய். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "அப்ப எதையும் மாத்தாதீங்க. இப்படியே சாப்பிடுங்க. எனக்கு உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்றாயே, என் வயிற்றுக்கு அப்படி ஒரு மரியாதையை அதுவரை எந்த டாக்டரும் கொடுத்ததில்லை. உன் அத்தைதான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, "என்னது, மாத்த வேணாமா? உன்னை இவ்வளவு படிக்க வெச்சது இதைச் சொல்லத்தானா?" என்று உன்னோடு சண்டைக்கு நின்றாள். பிறகு அவளும் அதே சட்டியில் பொரித்ததைத்தான் சாப்பிடுகிறாள் என்று கண்டுபிடித்து அவளையும் சேர்த்துக்கொண்டாய்.

அன்றைக்கு நீ விளக்கியதை நான் மறக்கவில்லை. கொழுப்பு அளவுக்கு மீறிப் போனால் உடம்புக்குள் ஒரு புகைச்சல் உண்டாகும், தீயாகவும் பிடிக்காது, அணையவும் அணையாது, அதற்கு அழற்சி என்று பெயர் என்றாய். நான் உடனே, "தெரியும். பேரிங்ல கிரீஸை அளவுக்கு மேல அடைச்சா அது வழுக்காது, சூடாகும். புது மெக்கானிக்குங்க எல்லாம் பண்ற தப்பு" என்றேன். நீ சந்தோஷப்பட்டு அதைக் குறித்துக்கொண்டாய். நாளை உன் கட்டுரையில் அந்த உதாரணம் வந்தால் என் பேரைப் போட வேண்டாம், ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக் ஒருவர் என்று போட்டால் போதும். கறுப்பும் நீலமுமாக இருக்கும் பெர்ரிப் பழங்களில் பாலிபீனால் என்று ஒரு சத்து இருக்கிறது, அந்தச் சாயமே அதுதான், அது புகைச்சலைக் குறைக்கும் என்று நீ சொன்னதாக நான் எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ குறுக்கிட்டு, "குறைக்கும்னு சொல்லலை மாமா, குறைக்குதான்னு பாக்கறோம்" என்று திருத்தினாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை தோறும் உன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்தீர்கள். என் டப்பாவில் பதினேழு, உன் அத்தை டப்பாவில் பதினெட்டு. உள்ளே ஏழு பாக்கெட், ஏழிலும் ஊதாப் பொடி. பாதிப் பேருக்கு அசல் பழப்பொடி, பாதிப் பேருக்கு வெறும் மாவில் சாயம் கலந்த போலி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, பட்டியல் பெரிய டாக்டரின் பீரோவில் பூட்டியிருக்கிறது என்றாய். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நம்பர் டப்பாவில் மட்டுமே இருந்தது, பாக்கெட்டில் இல்லை. நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது டிசைன் கோளாறு. அதுதவிர உங்கள் நர்ஸ், "பதினேழு, கையை நீட்டுங்க. பதினெட்டு, நீங்க அடுத்தது" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. "பதினெட்டு, காப்பி உண்டா?" என்று நானும், "பதினேழு பேசாம உக்காந்தா உண்டு" என்று அவளுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை உன் அத்தைக்கு முழங்கால் ரொம்பவும் வீங்கிவிட்டது. அவள் முழங்கால் கதை உனக்குத் தெரியும். மாடி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். கண்ணை மூடிக்கொண்டு அந்த முனகலை எண்ணினாலே அவள் எந்த மாடியில் இருக்கிறாள் என்று நான் சொல்லிவிடுவேன். அன்றைக்கு, "நீ அசையாதே" என்று அவளைச் சாய்நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பொடி கலக்கிக் குடித்த கப் இரண்டையும் நானே கழுவப் போனேன். கல்யாணம் ஆன நாளாக நான் பாத்திரம் கழுவியதைக் கை விரல் விட்டு எண்ணலாம். எனக்குச் சோப்புத்தூள் அளவு தெரியாது, ஒரு கைப்பிடி போட்டேன். என் கப்பில் நுரை சட்டென்று நீலமாகி, நீலம் பச்சையானது. அவள் கப்பில் ஊதா ஊதாவாகவே இருந்தது. நீ உன் மேஜையில் ஒரு நாள், அசல் பழச்சாயத்தில் சோடா உப்பு, சோப்பு மாதிரிக் காரம் பட்டால் நிறம் மாறும் என்று ஒரு சொட்டு விட்டுக் காட்டியது எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. ஆக, அசல் பொடி எனக்கு. வெறும் மாவு அவளுக்கு. கையில் நுரையோடு அப்படியே நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அம்மா. எனக்கு என்ன குறை? வெண்ணெயும் நானும் சமாதானமாக வாழ்ந்துகொண்டிருக்கிறோம். வீங்கிய முழங்காலோடு மூன்று மாடி ஏறுகிறவளுக்கு மாவா?

அதனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பொடியைக் குடித்துவிட்டு உன் அத்தை தலை குளிக்கப் போன நேரம் பார்த்து (ஞாயிற்றுக்கிழமைக் குளியல் அரை மணிக்குக் குறையாது) புது டப்பா இரண்டையும் திறந்து, என் பாக்கெட்டுகளை அவள் டப்பாவிலும், அவள் பாக்கெட்டுகளை என் டப்பாவிலும் மாற்றி வைத்தேன். இதுதான் நான் செய்த குற்றம். ஒரு தடவை அல்ல, ஏழு ஞாயிற்றுக்கிழமை. முதல் தடவையே பதற்றத்தில் ஒரு பாக்கெட் ஓரம் கிழிந்து பனியன் முழுக்க ஊதா. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கிழிசலை ஒட்டுவதா, பனியனைக் கழற்றுவதா, டப்பாவை மூடுவதா என்று மூன்று வேலையையும் சேர்த்துச் செய்யப் போய், பனியன் தலையில் மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல் பீரோவில் முட்டி, நெற்றி வீங்கிவிட்டது. அவள் வந்து பார்த்துவிட்டு, "பனியன்ல என்ன?" என்றாள். பேனா மை என்றேன். "இந்த வீட்ல ஊதா மைப் பேனா எப்ப வந்தது?" என்றாள். நண்பர் கொடுத்தது என்றேன். அந்த நண்பர் யார் என்று கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டேன். அடுத்த சனிக்கிழமை ஆராய்ச்சிக்கூடத்தில் நர்ஸ் இன்னும் வடியாத என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "வீக்கம் எப்பத்திலிருந்து?" என்று கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டாள். பதினேழாம் நம்பருக்கு இரண்டாம் வாரத்தில் நெற்றியில் அழற்சி என்று உன் கணக்கில் ஒரு வரி இருந்தால், அதற்குக் காரணம் கொழுப்பு அல்ல, பீரோ.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். நான் நாளுக்கு நாள் தளர்ந்தேன். அசல் பொடி இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. சாப்பிட்டதும் ஒரு கனம், ஒரு மந்தம். உள்ளே அந்தப் புகைச்சல் புகைவதை என்னால் உணரவே முடிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. தியாகம் செய்கிறவன் சொல்லிக்காட்டக்கூடாது அல்லவா? உன் அத்தை ஒரு நாள், "ஏன் ஒரு மாதிரி பெருமூச்சு விட்டுக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டதற்குக் கூட, "ஒண்ணுமில்லை, நீ நல்லா இரு" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

அவளோ, பொடி வேலை செய்யத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே ஆளே மாறிவிட்டாள்! அவள் கடைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்கு நான் மூன்றாம் மாடிப் படியின் தலைப்பில் போய் நின்றுகொள்வேன். ஒன்றாம் மாடி, முனகல் இல்லை. இரண்டாம் மாடி, முனகல் இல்லை. மூன்றாம் மாடிக்கும் கைப்பிடியைப் பிடிக்காமல் நிமிர்ந்து ஏறி வருவாள், அம்மா. "வலி எப்படி இருக்கு?" என்றால், "பரவாயில்லை, குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்பாள். எனக்குச் சந்தோஷம் தாங்காது. உள்ளே போய் ஒரு ரொட்டி கூடுதலாகச் சாப்பிடுவேன். பழுதான லிப்ட் கீழிருந்து மேலே சத்தமில்லாமல் வந்து நிற்கும்போது ஒரு மெக்கானிக் படும் ஆனந்தம் உனக்குத் தெரியாது. அதைப் போல நூறு மடங்கு.

இத்தோடு போயிருந்தால் நான் பேசாமலே இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "அடுத்த வாரம் வியாழக்கிழமை பெரிய டாக்டர் முன்னாடி எல்லாத்தையும் வைக்கணும் மாமா. நாப்பத்திரண்டு பேர்ல ரெண்டு பேர் ஊசிக்குப் பயந்து ஓடிட்டாங்க. சரியா நாப்பது பேர் இருக்காங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் ஏத்துக்க மாட்டாரு. மூணு வருஷ உழைப்பு" என்றாய். உன் குரலில் இருந்த களைப்பு என்னை ஏதோ செய்தது. அன்றிலிருந்து ரொட்டி இறங்கவில்லை. யோசித்துப் பார். பெரிய டாக்டர் பீரோவைத் திறந்து பட்டியலை எடுப்பார். பதினேழு அசல் குடித்தான், ஆனாலும் தளர்ந்தான் என்று இருக்கும். பதினெட்டு போலி குடித்தாள், ஆனாலும் படி ஏறினாள் என்று இருக்கும். பாவம் அந்தப் பெர்ரிப் பழம், அது என்ன தப்பு செய்தது? நாளைக்கு உலகம் முழுக்க, பழத்தால் பயனில்லை, மாவுதான் முழங்காலுக்கு நல்லது என்று படிப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உன் ஆராய்ச்சியில் பொய் ஏறும். வாயைத் திறந்தால் எங்கள் இருவரையும் நீக்க வேண்டும், நாற்பது முப்பத்தெட்டாகும், உன் மூன்று வருடம் போகும். குறைக்கும் என்பதற்கும் குறைக்கிறதா என்பதற்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாள் யோசித்தேன். பழுதான லிப்ட்டுக்குச் சரியாக இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் சொல்லிவிட்டேன். உன்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவனே உன் காலை வாரிவிட்டேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

பெரிய டாக்டர் கேட்டால் தவறு முழுக்கப் பதினேழாம் நம்பருடையது என்று சொல். பதினெட்டாம் நம்பருக்கு ஒன்றும் தெரியாது. வேண்டுமானால் நானே வந்து அவர் முன்னால் நிற்கிறேன். அந்தச் சாக்கில் உங்கள் லிப்ட்டையும் பார்த்துவிடுகிறேன், இரண்டாம் மாடி தாண்டும்போது ஒரு உறுமல் வருகிறது.

நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், உன் பேர் நாலு பேர் வாயில் நல்லபடியாக வர வேண்டும், இந்த மாமாவால் வந்த சேதமும் உன்னை விட்டு விலக வேண்டும் என்று வாழ்த்தி நிறுத்துகிறேன். வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அக்காவுக்கு என்னைத் திட்ட ஏற்கெனவே நிறையக் காரணம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமா (பதினேழு)

பின்குறிப்பு: உன் அத்தைக்கு இது எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் தனக்காக நான் இளைத்தேன் என்று மனம் ஒடிந்துபோவாள். கவரை ஒட்டி அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். அவளே தபாலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மூன்று மாடி இறங்கி, தெருமுனை வரை போய், மறுபடி மூன்று மாடி! பொடியின் சக்திக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு பின்குறிப்பு: அத்தை எழுதுகிறேன், கண்ணு. கவரைக் கொடுக்கும்போது உன் மாமா முழித்த முழியைப் பார்த்ததும் பசை காய்வதற்குள் பிரித்துவிட்டேன். நீ பயப்படாதே. உனக்கு நாற்பது பேரும் இருக்கிறார்கள்.

முதல் வாரத்திலிருந்தே அவர் கப்பை நான் கழுவினால் நுரை நீலமாகும், என் கப் ஆகாது. ஏன் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை பார்த்தால் என் கப் நீலமாகிறது. முந்தின நாள்தான் அந்தப் பனியனையும் பார்த்திருந்தேன். உன் மாமா எனக்குத் தெரியாமல் எதையாவது மாற்றினால் நல்லதை என் பக்கம் தள்ளியிருக்கிறார் என்றுதான் அர்த்தம். அன்றைக்கே திருப்பி மாற்றி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் காலையில் மாற்றுவார், மத்தியானம் அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் நான் திருப்பி வைப்பேன். ஒரே ஒரு திங்கட்கிழமை மட்டும்தான் இடம் மாறிக் குடித்தோம், அதை எழுதிக்கொள். மற்றபடி அவரவர் பொடியை அவரவர்தான் குடித்தோம். போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தவர் அவர். இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா பார். நல்ல பொடி அவருக்குத்தான் வேண்டும். அசலைக் குடித்துக்கொண்டே தளர்ந்து போனாராம், கேட்டாயா கூத்தை? நாளுக்கு ஆறு ரொட்டி சாப்பிட்டால் யாருக்கும்தான் மந்தமாக இருக்கும்.

என் முழங்கால் எப்போதும் போலத்தான் இருக்கிறது. உன் படிவத்தில் வாராவாரம் வலி எத்தனை என்று கேட்டதற்கு எட்டு எட்டு என்று உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன், அதையே வைத்துக்கொள். வீட்டில் சொல்வது வேறு. அந்த மனிதர் படியின் தலைப்பில் நின்றுகொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என் காலையே பார்க்கிறார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் எப்படி முனகுவேன்? அதனால் அவரிடம், ஏதோ சரிக்கட்டிவிட்டேன், நாற்பதுதான், கவலைப்படாதீங்க என்று மட்டும் சொல். முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிடாதே.

இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, எழுந்திருக்க வேண்டும். அவர் இந்நேரம் ஜன்னலுக்கு வந்திருப்பார். தபால் பெட்டி வரைக்கும் நொண்டாமல் நடந்து காட்ட வேண்டும்.